ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் ஃபாரின் கீயும் யுனிக் இண்டெக்ஸும் போடுவது எப்படி

ஒரு நூலகத்தின் டேட்டாபேஸ். உறுப்பினர், பிரதி, இரவல், முன்பதிவு என்று நான்கு டேபிள்கள். ‘பிரதி’ என்பது அலமாரியில் நிற்கும் ஒவ்வொரு புத்தகமும். ஒரே நூலுக்கு ஐந்து பிரதிகள் இருக்கலாம். இரவல் டேபிளில் உறுப்பினர்_எண், பிரதி_எண், கொடுத்த_தேதி, திரும்பிய_தேதி. ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் ப்ரைமரி கீயைத் தவிர வேறு கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ‘மற்றதையெல்லாம் புரோகிராம் பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டாயிற்று. மூன்று வருடம் கழித்துத் திறந்து பார்த்தால், இல்லாத உறுப்பினர் பெயரில் இரவல் நிற்கும். ஒரே பிரதி ஒரே நேரத்தில் இரண்டு பேர் கையில் இருக்கும். ஒரே ஆள் இரண்டு உறுப்பினர் எண்களில் உலவுவார்.

புரோகிராம் சரியாக எழுதப்பட்டிருந்தாலும் இது நடக்கும். இரண்டு கவுன்ட்டரில் ஒரே கைபேசி எண்ணை ஒரே நொடியில் பதிகிறார்கள். இரண்டு பக்கமும் முதலில் செலக்ட் போட்டு ‘இந்த எண் இருக்கிறதா’ என்று பார்க்கின்றன. முதல் கவுன்ட்டரின் இன்சர்ட் இன்னும் கமிட் ஆகாததால் (உறுதியாகப் பதிவாகாததால்) அது இரண்டாவதன் கண்ணில் படாது. இரண்டும் உள்ளே போய்விடும். ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் காக்கும் யுனிக் இண்டெக்ஸ் இருந்தால் இரண்டாவது இன்சர்ட் வாசலிலேயே நின்றுவிடும். முதலாவது கமிட் ஆனால் இரண்டாவதுக்கு எரர். முதலாவது ரோல்பேக் ஆனால் (ரத்தானால்) இரண்டாவதுக்கு வழி கிடைக்கும். செலக்ட் போட்டுப் பார்க்கும் சோதனை இந்தக் காத்திருப்பைத் தராது.

புதிய டேபிளில் கட்டுப்பாடு போடுவது ஒரு வரி வேலை. லட்சக்கணக்கான ரெக்கார்டுகளும் அழுக்கும் சேர்ந்த, நிறுத்த முடியாத டேபிளில் போடுவதில்தான் வரிசை முக்கியம். கீழே உள்ளவை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கானவை; மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொன்று மாறும் இடங்களைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டேபிள், ஃபீல்டு பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் போஸ்ட்கிரெஸ் ஏற்கும். ஆனால் பெயரின் எல்லை 63 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும்; புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியீடுதான். ஆக 21 குறியீட்டுக்கு மேல் போனால் பெயரின் வால் வெட்டுப்படும்.

ஃபாரின் கீ: முதலில் கதவு, பிறகு கூட்டிப் பெருக்கல்

ஃபாரின் கீ என்பது, ஒரு டேபிளில் வரும் எண் இன்னொரு டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு. பலரும் அழுக்கை முதலில் சுத்தம் செய்துவிட்டுக் கடைசியில் ஃபாரின் கீ போடப் பார்க்கிறார்கள். சுத்தம் செய்து முடிப்பதற்குள் புது அழுக்கு சேர்ந்துவிடும், கீ போடும்போது எரர் வரும், திரும்ப முதலிலிருந்து. போஸ்ட்கிரெஸில் இந்தத் தலைவலி தேவையில்லை. ‘நாட் வேலிட்’ என்று சேர்த்துப் போட்டால், பழைய ரெக்கார்டுகளைத் தொடாமல் புதிதாக வருபவற்றை மட்டும் அந்த நொடியிலிருந்தே சோதிக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. இரவல் டேபிளின் உறுப்பினர்_எண் மேல் சாதாரண இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாரின் கீ போட்டாலும் பிள்ளை டேபிளின் (சுட்டும் டேபிள், இங்கே இரவல்; சுட்டப்படும் உறுப்பினர் டேபிள் தாய்) பக்கம் போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் உருவாக்காது. இண்டெக்ஸ் இல்லாவிட்டால் இன்சர்ட்டில் ஒன்றும் தெரியாது. ஒரு உறுப்பினரை நீக்கப் போகும்போதுதான் தெரியும்: அவர் பெயரில் இரவல் இருக்கிறதா என்று பார்க்க முழு இரவல் டேபிளையும் புரட்டும். ஆயிரம் உறுப்பினரை நீக்கினால் ஆயிரம் தடவை புரட்டும். ‘டெலீட் ஏன் ஒரு மணி நேரமாக ஓடுகிறது’ என்று யாராவது கேட்டால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி இரவல்_உறு ஆன் இரவல் (உறுப்பினர்_எண்);

ஆல்டர் டேபிள் இரவல் ஆட் கன்ஸ்ட்ரெய்ன்ட் இரவல்_உறுப்பினர் ஃபாரின் கீ (உறுப்பினர்_எண்) ரெஃபரன்ஸஸ் உறுப்பினர் (எண்) நாட் வேலிட்;

இரண்டாவது கட்டளை ஒரு நொடிகூட ஓடாது. ஆனால் ஓடத் தொடங்குவதற்கு இரண்டு டேபிளின் மீதும் லாக் வேண்டும். அந்த லாக் படிப்பதைத் தடுக்காது, எழுதுவதைத் தடுக்கும். யாரோ ஒருவர் காலையில் டிரான்சாக்ஷன் (ஒன்றாக முடியும் அல்லது ஒன்றாக ரத்தாகும் வேலைத் தொகுதி) திறந்து இரவல் டேபிளில் எதையோ மாற்றிவிட்டு, கமிட் செய்யாமல் டீ குடிக்கப் போயிருந்தால் ஆல்டர் அவருக்குப் பின்னால் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் எல்லா இன்சர்ட்டும் அப்டேட்டும் வரிசையில் நிற்கும். நூலகமே நின்றுபோனது போலத் தெரியும். ஆகவே அந்த செஷனில் லாக்_டைம்அவுட் மதிப்பை 3 விநாடியாக வைத்துவிட்டு ஓட்டுங்கள். லாக் கிடைக்காவிட்டால் எரர் கொடுத்து விலகிவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம்.

கதவு மூடியாயிற்று. இனி உள்ளே இருக்கும் அனாதை ரெக்கார்டுகள், அதாவது இல்லாத உறுப்பினரைச் சுட்டும் இரவல்கள்:

செலக்ட் * ஃப்ரம் இரவல் இ வேர் இ.உறுப்பினர்_எண் இஸ் நாட் நல் அண்ட் நாட் எக்சிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் உறுப்பினர் உ வேர் உ.எண் = இ.உறுப்பினர்_எண்);

‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ இடத்தில் ‘நாட் இன்’ எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே வரும் பட்டியலில் ஒரே ஒரு நல் (மதிப்பே இல்லாத நிலை) இருந்தாலும் ‘நாட் இன்’ ஒரு ரெக்கார்டைக்கூடத் தராது. அனாதையே இல்லை என்று நம்பி ஏமாறுவீர்கள்.

கிடைத்த அனாதைகளை உடனே அழிக்காதீர்கள். தனி டேபிளில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு யோசியுங்கள். உறுப்பினர்_எண்ணை நல் ஆக்கலாம். அந்த ஃபீல்டு நல் ஏற்க வேண்டும். ‘பழைய உறுப்பினர்’ என்று ஒரு பொது ரெக்கார்டு போட்டு எல்லாவற்றையும் அதன் கீழ் மாற்றலாம். அல்லது அழிக்கலாம். இரவல் மாதிரி வரலாறு சொல்லும் டேபிளுக்கு இரண்டாவது வழிதான் எங்கள் தேர்வு. எத்தனை முறை ஒரு பிரதி வெளியே போனது என்ற கணக்கு கெடாது. முன்பதிவு மாதிரி நாளைக்குப் பயன்படாத டேபிளில் தயங்காமல் அழிக்கலாம்.

சுத்தமானதும்:

ஆல்டர் டேபிள் இரவல் வேலிடேட் கன்ஸ்ட்ரெய்ன்ட் இரவல்_உறுப்பினர்;

இது முழு டேபிளையும் படிக்கும், நேரம் எடுக்கும். ஆனால் ஓடும்போது இன்சர்ட்டும் அப்டேட்டும் தடைபடாது. ஒரு அனாதை மிச்சமிருந்தாலும் 23503 என்ற எரர் எண்ணுடன், எந்த மதிப்புக்குத் தாய் இல்லை என்பதையும் சொல்லி நிற்கும். அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். நாட் வேலிட் நிலையில் எத்தனை நாள் விட்டாலும் பாதகமில்லை. வேலிடேட்டை ராத்திரியில் ஓட்டிக்கொள்ளலாம்.

ரெஃபரன்ஸஸ் என்று சுட்டும் தாய் ஃபீல்டு ப்ரைமரி கீயாகவோ யுனிக்காகவோ இருந்தாக வேண்டும். நிபந்தனையோடு போட்ட பகுதி யுனிக் இண்டெக்ஸும், ஃபங்ஷன் மேல் போட்ட யுனிக் இண்டெக்ஸும் இதற்குச் செல்லாது. ‘யுனிக் இண்டெக்ஸ் இருக்கிறதே, பிறகேன் பொருந்தும் யுனிக் இல்லை என்கிறது’ என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தாயை நீக்கினால் பிள்ளைக்கு என்ன

ஒன்றும் சொல்லாவிட்டால் ‘நோ ஆக்ஷன்’: பிள்ளை இருக்கும்வரை தாயை நீக்க விடாது. இரவல் டேபிளுக்கு அதுவே சரி. புத்தகம் கையில் இருக்கும் உறுப்பினரை நீக்க முடியக் கூடாது.

முன்பதிவுக்கு ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ போடலாம்: தாய் போனால் பிள்ளையும் கூடவே போகும். உறுப்பினர் போனால் முன்பதிவுக்கு அர்த்தம் இல்லை. ஆனால் கேஸ்கேட்டைக் கையாளும்போது ஒன்றை மனதில் வையுங்கள். ஒரு உறுப்பினரை நீக்கியதும் திரையில் ‘டெலீட் 1’ என்றுதான் வரும். கூடவே போன நாற்பது முன்பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கேஸ்கேட் சங்கிலியாக மூன்று டேபிள் தாண்டிப் போகிற டிசைன் என்றால் அதை நாங்கள் ஏற்க மாட்டோம். பணம், வரலாறு, தணிக்கை சம்பந்தப்பட்ட எந்த டேபிளிலும் கேஸ்கேட் வேண்டாம்.

தாய் போனால் பிள்ளையின் ஃபீல்டை நல் ஆக்கும் ‘ஆன் டெலீட் செட் நல்’, புத்தகத்தைக் கொடுத்த ஊழியரின் எண் போன்றவற்றுக்குப் பொருந்தும். அந்த ஃபீல்டு ‘நாட் நல்’ ஆக இருந்தால் கட்டுப்பாடு போடும்போது எதுவும் சொல்லாது. பல மாதம் கழித்து ஊழியரை நீக்கும் அன்றுதான் எரர் வரும்.

யுனிக் இண்டெக்ஸ்: இங்கே நாட் வேலிட் கிடையாது

யுனிக்குக்கு ‘பழையதை விட்டுவிடு’ என்ற வசதி இல்லை. ஆகவே சுத்தம்தான் முதலில்.

செலக்ட் கைபேசி, கவுன்ட்(*) ஃப்ரம் உறுப்பினர் வேர் கைபேசி இஸ் நாட் நல் க்ரூப் பை கைபேசி ஹேவிங் கவுன்ட்(*) > 1;

இரட்டையாக இருக்கும் உறுப்பினர்களில் சின்ன எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவது வழக்கம். நீக்குவதற்கு முன் இரவலிலும் முன்பதிவிலும் பெரிய எண்ணைச் சின்ன எண்ணாக மாற்றுங்கள். அதுவும் நீக்கமும் ஒரே டிரான்சாக்ஷனில் நடக்கட்டும். மேலே சொன்ன ஃபாரின் கீ ஏற்கெனவே போட்டிருந்தால், மாற்ற மறந்த இரவல் நீக்கத்தைத் தடுத்துக் காட்டிக்கொடுக்கும். ஃபாரின் கீயை முதலில் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பதிவில் கேஸ்கேட் போட்டிருந்தால் மட்டும் அது தடுக்காது, சத்தமில்லாமல் அழித்துவிடும்; அங்கே உங்கள் கவனம்தான் காவல்.

கிரியேட் யுனிக் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி உறு_கைபேசி ஆன் உறுப்பினர் (கைபேசி);

‘கன்கரன்ட்லி’ இல்லாமல் போட்டால் இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை அந்த டேபிளில் யாராலும் எழுத முடியாது. அதைச் சேர்த்தால் டேபிளை இரண்டு முறை படிக்கும், மெதுவாகத்தான் முடியும், ஆனால் வேலை நிற்காது. இதை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது. ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற வெப் ஃபிரேம்வொர்க்குகள் மைக்ரேஷனை (டேபிள் அமைப்பை மாற்றும் கோப்பை) தாமாகவே டிரான்சாக்ஷனில் சுற்றிவிடும். ஜாங்கோவில் அந்த மைக்ரேஷனின் ‘அடாமிக்’கை ஃபால்ஸ் ஆக்க வேண்டும், ரெயில்ஸில் டிடிஎல் டிரான்சாக்ஷனை அணைக்கும் வரியைச் சேர்க்க வேண்டும்.

நடுவில் ஒரு இரட்டை மாட்டினால் 23505 எரர் வந்து நிற்கும். அதோடு போகாது, ‘இன்வேலிட்’ முத்திரையோடு அரைகுறை இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே கிடக்கும். தேடலுக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டிலும் அதைப் பராமரிக்கும் செலவு உண்டு. இதைவிடப் பெரிய பொறி ‘இஃப் நாட் எக்சிஸ்ட்ஸ்’. மைக்ரேஷனில் அதை எழுதியிருந்தால், இரண்டாவது முறை ஓடும்போது ‘அந்தப் பெயரில் இண்டெக்ஸ் இருக்கிறதே’ என்று தாண்டிப் போய்விடும். மைக்ரேஷன் பச்சை காட்டும், பயன்படும் இண்டெக்ஸ் இருக்காது. தோற்றால் முதலில் டிராப் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி, பிறகு மறுபடி.

ஒரு பிரதி, ஒரு கை

இனி அந்த இரண்டு பேர் கையில் இருக்கும் ஒரே பிரதி. பலருக்கும் முதலில் தோன்றுவது, இரவலில் பிரதி_எண், திரும்பிய_தேதி இரண்டையும் சேர்த்து யுனிக் ஆக்குவது. போட்டால் போடும், எதையும் தடுக்காது. திரும்பாத புத்தகத்துக்குத் திரும்பிய_தேதி நல். யுனிக் இண்டெக்ஸின் கண்ணில் ஒரு நல்லும் இன்னொரு நல்லும் ஒன்றல்ல, ஆகவே (417, நல்) எத்தனை முறை வந்தாலும் உள்ளே விடும். சரியான வழி, நிபந்தனையோடு போடும் பகுதி இண்டெக்ஸ்:

கிரியேட் யுனிக் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி பிரதி_கையில் ஆன் இரவல் (பிரதி_எண்) வேர் திரும்பிய_தேதி இஸ் நல்;

திரும்பிய இரவல்கள் இந்த இண்டெக்ஸில் சேரவே சேராது. பத்து லட்சம் பழைய இரவல் இருந்தாலும் இப்போது வெளியே இருக்கும் சில ஆயிரம் மட்டுமே உள்ளே. இண்டெக்ஸ் சின்னதாக இருக்கும். ரெக்கார்டை அழிக்காமல் ‘நீக்கிய தேதி’ போட்டு மறைக்கும் வழக்கம் உள்ள டேபிள்களுக்கும் இதே மருந்து.

நல்களையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்றால் 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து ‘நல்ஸ் நாட் டிஸ்டின்க்ட்’ என்று சேர்க்கலாம். எஸ்க்யூஎல் சர்வரில் கதை தலைகீழ்: யுனிக் இண்டெக்ஸில் ஒரே ஒரு நல்தான் அனுமதி. மின்னஞ்சல் இல்லாத இரண்டாவது உறுப்பினரையே அது சேர்க்க விடாது. அங்கே ‘வேர் மின்னஞ்சல் இஸ் நாட் நல்’ என்ற வடிகட்டிய இண்டெக்ஸ் போட வேண்டும்.

கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு வேறு

எழுத்து ஃபீல்டில் யுனிக் போடும்போது போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஒப்பிடுவது பைட்டுகளைத்தான். கைபேசி எண்ணில் முன்னால் ஒரு சைபர், நடுவில் ஒரு இடைவெளி, +91 ஆகியவை வந்தால் மூன்றும் மூன்று எண். இண்டெக்ஸ் போடுவதற்கு முன்பே பத்து இலக்கமாக்கி, வேறு வடிவம் நுழையாதபடி செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போடுங்கள். மின்னஞ்சலுக்கு லோயர் (மின்னஞ்சல்) மேல் யுனிக் இண்டெக்ஸ்.

தமிழ் எழுத்துக்கு இது போதாது. ஆசிரியர் பெயர்ப் பட்டியலை யுனிக் ஆக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இண்டெக்ஸுக்கு இரண்டு பெயர். இதற்கு போஸ்ட்கிரெஸ் 13-இல் வந்த நார்மலைஸ் ஃபங்ஷன் உண்டு. நார்மலைஸ் (பெயர்) மேல் யுனிக் இண்டெக்ஸ் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

நார்மலைஸுக்கும் பிடிபடாதவை இரண்டு. ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகர எழுத்தும் தட்டி ‘கெளரி’ என்று எழுதுவது ஒன்று. மற்றொன்று ஸ்ரீ: ‘ஸ’வில் தொடங்கும் வரிசையும், 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கும் வரிசையும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவமாகத் தெரியும். இரண்டும் யூனிகோடு விதிப்படி சமமல்ல, ஆகவே எந்த நார்மலைஸும் சேர்க்காது. சேமிக்கும் முன் நீங்களே ரிப்ளேஸ் போட்டு ஒரு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ‘ஸ்ரீனிவாசன்’ என்று தேடினால் பாதிப் புத்தகம்தான் வருகிறது என்ற புகார் வந்தால் இங்கே பாருங்கள்.

மைஎஸ்க்யூஎல் என்றால்

பிள்ளை பக்க இண்டெக்ஸை மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தானே உருவாக்கிக்கொள்ளும். அந்தக் கவலை இல்லை. வேறு கவலைகள் உண்டு.

இரண்டு பக்க ஃபீல்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். தாயில் ‘இன்ட் அன்சைன்ட்’, பிள்ளையில் வெறும் ‘இன்ட்’ என்றால் 3780 எரர். எழுத்து ஃபீல்டு என்றால் கேரக்டர் செட்டும் கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பொருந்த வேண்டும். பழைய டேபிள் ஒரு கொலேஷனிலும் புதியது வேறொன்றிலும் இருப்பது மேம்படுத்திய சர்வர்களில் சகஜம். காரணம் புரியாவிட்டால் ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் போட்டு, கடைசி ஃபாரின் கீ எரர் என்ற பகுதியைப் படியுங்கள்.

ஃபீல்டின் வரியிலேயே ‘ரெஃபரன்ஸஸ் உறுப்பினர் (எண்)’ என்று எழுதினால் 9.0-க்கு முந்தைய பதிப்புகள் எரர் இல்லாமல் ஏற்றுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். ஃபாரின் கீ என்று தனி வரியாக எழுதினால்தான் அமலாகும். மைஐஸாம் என்ற பழைய எஞ்சினின் டேபிளில் எப்படி எழுதினாலும் அமலாகாது.

நாட் வேலிட் இங்கே இல்லை. ஃபாரின்_கீ_செக்ஸ் 1 ஆக இருக்கும்போது ஃபாரின் கீ சேர்த்தால் முழு டேபிளையும் நகலெடுத்துத்தான் சேர்க்கும். 0 ஆக்கினால் நகலெடுக்காமல் முடியும். ஆனால் பழைய ரெக்கார்டுகளைச் சோதிக்காது, மறுபடி 1 ஆக்கினாலும் திரும்பிப் பார்க்காது. ஆக, 0 ஆக்கிப் போட்டால் அனாதைத் தேடலை நீங்களே ஓட்டியாக வேண்டும்.

பகுதி இண்டெக்ஸும் இல்லை. 8.0.13-இலிருந்து ஃபங்ஷன் இண்டெக்ஸ் உண்டு. திரும்பிய_தேதி நல் என்றால் பிரதி_எண், இல்லாவிட்டால் நல் என்று தரும் கேஸ் கோவையின் மேல் யுனிக் போட்டால் அதே பலன் கிடைக்கும்.

பிள்ளையை இன்சர்ட் செய்யும்போது இன்னோடிபி தாய் ரெக்கார்டின் மீது ஷேர்டு லாக் எடுக்கும். இரவலை இன்சர்ட் செய்துவிட்டு, அதே டிரான்சாக்ஷனில் உறுப்பினரின் ‘கையில் உள்ள புத்தகம்’ எண்ணிக்கையைக் கூட்டினால், ஒரே உறுப்பினருக்கு இரண்டு கவுன்ட்டர் ஒன்றாக மோதும்போது டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நகராமல் நிற்பது). அப்டேட்டை முதலில், இன்சர்ட்டைப் பிறகு என்று வரிசை மாற்றினால் தீர்ந்தது. போஸ்ட்கிரெஸ் 9.3-இலிருந்து, கீயைத் தொடாத அப்டேட்டோடு மோதாத லேசான லாக்கைத்தான் எடுக்கிறது.

எஸ்க்யூலைட் பயன்படுத்துவோர் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். ப்ராக்மா ஃபாரின்_கீஸ்-ஐ ஒவ்வொரு கனெக்ஷன் திறக்கும்போதும் ஆன் செய்ய வேண்டும். டிரான்சாக்ஷன் நடுவில் செய்தால் பலிக்காது.

புரோகிராம் பக்கம்

கட்டுப்பாடு போட்ட மறுநாள் புரோகிராமுக்குப் புது எரர்கள் வரும். எரர் வாசகத்தைப் பிரித்துப் பார்க்காதீர்கள். சர்வரின் மொழி மாறினால் வாசகமும் மாறும். போஸ்ட்கிரெஸில் 23505, 23503, மைஎஸ்க்யூஎல்லில் 1062, 1451, 1452 என்ற எண்ணையும், கன்ஸ்ட்ரெய்ன்ட் பெயரையும் பாருங்கள். பெயரை நீங்களே வைத்தது இதற்குத்தான்: ‘உறு_கைபேசி’ வந்தால் ‘இந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’, ‘பிரதி_கையில்’ வந்தால் ‘இந்தப் பிரதி வெளியே இருக்கிறது’ என்று கவுன்ட்டரில் காட்டலாம்.

போஸ்ட்கிரெஸில் ஒரு இன்சர்ட் தோற்றால் அந்த டிரான்சாக்ஷன் முழுதும் செத்துவிடும். அடுத்து எதைப் போட்டாலும் ரோல்பேக்வரை எரர்தான். இரட்டை வந்தால் கண்டுகொள்ளாமல் தாண்ட வேண்டும் என்றால் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டு நத்திங்’ போடுங்கள். பகுதி இண்டெக்ஸைக் குறிப்பிட்டு அப்டேட் செய்வதானால் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் (பிரதி_எண்) வேர் திரும்பிய_தேதி இஸ் நல்’ என்று நிபந்தனையையும் சேர்த்து எழுத வேண்டும். வேர் இல்லாவிட்டால் பொருந்தும் இண்டெக்ஸ் இல்லை என்று சொல்லும். இப்படித் தோற்கும் இன்சர்ட்டுகள் தானியங்கி எண்ணில் ஓட்டை விடும். 1041-க்குப் பிறகு 1043 வந்தால் ரெக்கார்டு தொலைந்துவிட்டது என்று அர்த்தமல்ல.

எல்லாம் முடிந்ததா என்று பார்க்க இரண்டு இடம்: பிஜி_கன்ஸ்ட்ரெய்ன்ட் டேபிளில் கான்வேலிடேட்டட் ஃபால்ஸ் ஆக இருப்பவை, வேலிடேட் ஓட்ட மறந்த ஃபாரின் கீக்கள். பிஜி_இண்டெக்ஸ் டேபிளில் இண்டிஸ்வேலிட் ஃபால்ஸ் ஆக இருப்பவை, தோற்றுக் கிடக்கும் இண்டெக்ஸ்கள். பிறகு பிகின் போட்டு, இல்லாத உறுப்பினர் எண்ணுக்கு ஒரு இரவல் போட்டுப் பாருங்கள். 23503 வர வேண்டும். ரோல்பேக். மறுபடி பிகின், வெளியே இருக்கும் ஒரு பிரதியை இன்னொருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். 23505 வர வேண்டும். ரோல்பேக்.